மூணும் நாலும்

மின்பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவன், எழுத நிறைய வைத்திருப்பான் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கிறதுதான். டிரான்ஸ்ஃபார்மர் கூண்டுக்குள் பாம்பு புகுந்த கதை, பட்டமளிப்பு விழாவில் மைக் செத்துப்போன கதை எல்லாம் ஓய்வு பெற்றவர்கள் கூடும் இடங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டன. அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. எந்தக் கூட்டத்திலும் நான் சொல்லாத ஒரே ஒரு சங்கதியை எழுதுகிறேன். படித்து முடித்ததும் என்மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை குறைந்தால், அது இருக்கவேண்டிய அளவுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். அடையாறு பக்கம் ஒரு பழைய கல்லூரி. பெயர் வேண்டாம். நான் கோவில்பட்டியிலிருந்து வந்து, அந்தக் கல்லூரியின் பராமரிப்புப் பிரிவில் ஜூனியர் எஞ்சினியராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வளாகத்தின் மின் இணைப்பு முழுவதையும் மாற்றிப் புதிதாகப் போடும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. மாற்றாமல் முடியாத நிலைமை. சாயங்காலம் ஹாஸ்டலில் விளக்குப் போட்டால் லைப்ரரியில் பல்பு அழுது வடியும். தரைக்கடியில் ஓடிய கேபிள்களுக்கு என்னைப் போல் இரண்டு மடங்கு வயது. சுவிட்ச் ரூமில் ஆறு இரும்புச் சுவிட்சுகள், வெவ்வேறு காலத்தில் மாட்டியவை, எண் வரிசை இல்லாமல் முன்னும் பின்னுமாகச் சுவரில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கனமான ஒரு மூடி, மூடிமேல் வெள்ளைப் பெயிண்டில் எண்ணும் பெயரும். ஒன்று ஆபீஸ், இரண்டு லைப்ரரி, மூன்று சமையல்கூடம், நான்கு கெமிஸ்ட்ரி லேப், ஐந்து ஹாஸ்டல், ஆறு பெரிய ஹால்.

வரைபடம் எங்கே என்று கேட்டேன். இருந்ததாம், கரையான் தின்றுவிட்டதாம். எந்தக் கேபிள் எந்தச் சுவரைத் தாண்டி எந்த மரத்தடியில் போகிறது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வயர்மேன் ஏழுமலை. திருவான்மியூர்க்காரர். என்னைவிட இருபது வயது பெரியவர். நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், அப்போது ஆபீசர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இப்போது எழுதும்போது 'அவர்' போடுகிறேன். ரொம்பத் தாமதமான மரியாதை.

அவர் பேசுவது எனக்குப் பாதி புரியாது. முதல் நாள் காலையில், "நாஸ்டா துன்னியா சார்?" என்று கேட்டார். காலைப் பலகாரம் ஆயிற்றா என்று கேட்டிருக்கிறார். நான் ஏதோ சாமான் பெயர் சொல்கிறார் என்று நினைத்து, ஸ்டோரில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் பேசுவது அவர்களுக்குச் சிரிப்பு. "ஏணிய அங்ஙன சாத்துங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ஒரு வாரத்துக்குப் பிரிவு முழுக்க 'அங்ஙன, அங்ஙன'தான். டீக்கடையில்கூடக் கேட்டது. விளையாட்டாகத்தான் செய்தார்கள், எனக்குத்தான் உறைத்தது. அன்றிலிருந்து ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன். யார் என்ன சொன்னாலும் "என்ன சொன்ன?" என்று திருப்பிக் கேட்பதில்லை. புரிந்தமாதிரி தலையை ஆட்டிவிடுவது, மிச்சத்தை நாமே ஊகித்துக்கொள்வது.

இந்த இடத்தை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தது எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

வரைபடம் தயாரிக்க, நோட்டும் பென்சிலுமாகச் சுவிட்ச் ரூமில் நின்றேன். ஏழுமலை பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கைவைத்துச் சொன்னார். ஒண்ணு ஆபீஸ், ரெண்டு லைப்ரரி. மூன்றாவதற்கு வந்ததும் கொஞ்சம் நின்று, இரண்டு மூடிகளையும் மாறிமாறித் தட்டிக் காட்டினார்.

"மூணும் நாலும் மாரிகீது சார்."

மெட்ராஸில் 'மாதிரி' என்பதை 'மாரி' என்பார்கள் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். தெரிந்துவிட்ட பெருமை வேறு. பார்த்தேன். உண்மைதான், இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, துருகூட ஒரே இடத்தில். "3, 4: ஒரே மாதிரி" என்று எழுதிக்கொண்டேன். 'ஒரே' என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அதை நான் போட்டுக்கொண்டேன். நான் எழுதிக்கொண்டதைப் பார்த்து ஏழுமலைக்குத் திருப்தி. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, ஆபீசர் நோட்டிலும் ஏற்றிக்கொண்டார் என்று அடுத்த சுவிட்சுக்குப் போய்விட்டார்.

கோடை விடுமுறை வந்தது. ஹாஸ்டல் காலி, சமையல்கூடம் மூடியாகிவிட்டது, லேபும் பூட்டு. சமையல்கூடத்துக்குப் போகும் பழைய கேபிளை வெட்டி, புதிய கேபிளோடு சேர்க்கவேண்டிய நாள். மொத்த மெயினையும் நிறுத்திவிட்டுச் செய்வதாகத்தான் முதலில் திட்டம். ஆனால் அன்றைக்குப் பெரிய ஹாலில் ஏதோ வெளிப் பரீட்சை. அதை நடத்த வந்த மயிலாப்பூர்ப் பேராசிரியர் ஒருவர் காலையிலேயே என்னைத் தேடி வந்து, "ஃபேன் மட்டும் நின்னுடப்படாது, பாத்துக்கோங்கோ. கொழந்தைகள் மயக்கம் போட்டு விழுந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தான், அப்படி ஒரு வெயில். சமையல்கூடத்து சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டு வேலையைச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவுகூடத் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கேபிள் வெட்டி ஒட்டுவதற்கு காண்டிராக்டர் அனுப்பிய ஆள் கன்னியப்பன். சைதாப்பேட்டைக்காரர், முப்பது வயது இருக்கும். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. குழியில் இறங்கும் முன் "யாரு கை?" என்று கேட்பார். மின்சாரத்தை நிறுத்தியது யார் கை என்று அர்த்தம். "என் கை" என்று ஏழுமலை சொன்னால் உட்கார்ந்துவிடுவார். வேறு யார் சொன்னாலும் டெஸ்ட் லாம்ப் கேட்பார். இரண்டு ஒயரும் ஒரு பல்பும் உள்ள சாமான்தான், வைத்துப் பார்த்தால் கேபிளில் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அன்று காலை பார்த்தால், கேபிள் முனையில் மாட்டும் லக்குகள் அளவு தப்பாக வந்திருந்தன. தேனாம்பேட்டைக்குப் போய் மாற்றி வரவேண்டும். யாரையாவது அனுப்பியிருக்கலாம். ஏழுமலையை அனுப்பினேன். "ஃபியூஸ நானே புடுங்கறேன் சார், உனக்கு வோணாம்" என்று அவர் காண்டிராக்டர் ஆட்கள் முன்னால் சொல்லியிருந்தார். என்னை ஒன்றும் தெரியாதவன் என்கிறார் என்று எனக்குள் சுருக்கென்றது. காரணம் வேறொன்றும் இல்லை. அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

"நான் சொன்னது ஞாபகம் கீதா சார்?"

"இருக்கு, இருக்கு. போயிட்டு வா" என்றேன். எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் வேலையை முடித்துக் காட்டவேண்டும் என்பதுதான் மனதில் ஓடியது.

மூன்றாம் நம்பர் சுவிட்சை இறக்கினேன். மூடியைத் திறந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி பாண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கட்டை நம் பாக்கெட்டில் இருந்தால் வேறு யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பெரிய எஞ்சினியர். அதோடு விடவில்லை, சமையல்கூடத்துக்கும் நானே போய் ஒரு சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. விடுமுறைக்கு மூடும்போதே சமையல் மாஸ்டர் அங்கே இருந்த மெயினை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மெயின் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. எரியாத விளக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு குழிக்கு வந்தேன்.

கன்னியப்பன் ரம்பத்தோடு நின்றார். சமையல்கூடத்துத் தண்ணீர் ஊறி அந்தக் குழி வெயில் காலத்திலும் சொதசொதவென்று இருக்கும்.

"யாரு கை சார்?"

"என் கை."

"ஏழுமல இல்லியா?"

தேனாம்பேட்டைக்குப் போயிருக்கிறார் என்றேன். டெஸ்ட் லாம்ப் கேட்டார். அது ஏழுமலையின் பையோடு போய்விட்டிருந்தது. அவர் வரும்வரை காத்திருக்கலாமா என்பதுபோல் கன்னியப்பன் கேட்டைப் பார்த்தார். அரைமணி நேரம் உட்கார்ந்து பீடி குடித்திருந்தால் போதும். நான் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினேன். மூன்று பீங்கான் கட்டையும் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன.

"ஃபியூஸ் இங்க இருக்கு. லைட் எரியல, நானே பாத்தேன். நீ வெட்டு."

"நீ சொன்னா சரி சார்" என்று இறங்கினார்.

அதற்கு மேல் விவரமாக எழுத என்னால் முடியாது. எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வெடிச்சத்தம், நீலமாக ஒரு வெளிச்சம். நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். குழிக்குள் குதிக்கவில்லை, மெயினை இறக்க ஓடவில்லை. பாக்கெட்டில் கையை விட்டு, மூன்று கட்டையும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன். மூன்றும் இருந்தன. அதற்குள் சுவிட்ச் ரூமில் நாலாம் நம்பர் ஃபியூஸ் தானாகவே போய்விட்டது. காண்டிராக்டர் ஆட்கள்தான் கன்னியப்பனை மேலே தூக்கினார்கள். உயிர் இல்லை.

பெரிய ஹாலில் ஃபேன் நிற்கவில்லை. பரீட்சை நல்லபடியாக நடந்து முடிந்தது.

ஏழுமலை லக்குப் பொட்டலத்தோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் குழிக்கு வரவில்லை, நேரே சுவிட்ச் ரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். "எத்த சார் புடுங்கின?" என்று கேட்டார். மூணு என்றேன். அப்படியே தலையில் கையை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதான் சொன்னேனே சார், அதான் சொன்னேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இவர் எதையுமே சொல்லவில்லை, ஆள் செத்ததும் தப்பித்துக்கொள்ளக் கதை கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். விசாரணை நாள்வரை அப்படி நினைத்துக்கொண்டிருந்தது என் அதிர்ஷ்டம். அதற்கப்புறம் அந்த அதிர்ஷ்டமும் போய்விட்டது.

கன்னியப்பனின் சம்சாரம் ஒருநாள் வந்து, அந்தக் குழியைக் காட்டச் சொன்னார். மூடியாகிவிட்டது என்றேன்.

விசாரணைக்கு முந்தின நாள் பெரிய எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர், எதையும் நோட்டில் எழுதிவை என்று பழக்கியவர். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நோட்டுல இருக்கிறதைப் படி. நோட்டுல இல்லாதது நடக்கலைன்னு அர்த்தம்" என்றார். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. என்னைக் காப்பாற்றுகிறாரே என்று நன்றியாகக்கூட இருந்தது.

மறுநாள் பிரின்சிபால் அறையில் வெளியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் உட்கார்ந்து விசாரித்தார். ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஆறு மூடியையும் கழற்றித் துடைத்துப் பெயிண்ட் அடித்து மாட்டுவார்கள். மூணு வருஷத்துக்கு முன்னால் அப்படி மாட்டும்போது மூன்றாவது மூடி நான்கிலும், நான்காவது மூடி மூன்றிலும் ஏறிவிட்டது. சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டின பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். 'மூன்று' என்ற மூடியைப் பார்த்து நான் பிடுங்கியது, பூட்டிக் கிடந்த லேபின் ஃபியூஸ்.

"பொட்டு வெச்ச மூடி சார். ஒடனே கழட்டி மாட்டுனா நல்லாருக்காதுன்னு வுட்டுட்டோம். அடுத்த பூஜைக்கு மாத்திக்கலாம்னு. அப்பால பழகிப் பூட்ச்சி. எங்களுக்குத்தான் தெரியுமே."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, எஞ்சினியரிடம் சொன்னேன் என்கிறாயே, அன்றைக்கு என்ன வார்த்தை சொன்னாயோ அதையே அப்படியே சொல் என்றார். ஏழுமலை என் பக்கம் திரும்பி, அன்றைக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"மூணும் நாலும் மாறிகீது சார்."

அப்போதுதான் எனக்குக் கேட்டது. மாரி இல்லை, மாறி. மாறியிருக்கிறது. எங்கள் ஊராக இருந்தால் 'மாறிக் கெடக்கு' என்று சொல்லியிருப்பார்கள், எனக்கும் புரிந்திருக்கும். மூடிகளை அவர் மாறிமாறித் தட்டிக் காட்டியதும் கண்முன் வந்தது. அந்த மனுஷர் வாயாலும் கையாலும் சொல்லியிருக்கிறார். வாசலில் நின்று ஞாபகப்படுத்தியும் இருக்கிறார்.

அதிகாரி என் நோட்டைத் திறந்து அந்த வரியைப் படித்தார். "3, 4: ஒரே மாதிரி." பிறகு என்னைப் பார்த்து, மாறியிருக்கிறது என்று இவர் உங்களிடம் சொன்னாரா இல்லையா என்று கேட்டார்.

பத்து வினாடி இருக்கும். எனக்குப் பயம். இருபத்து நான்கு வயது. வேலை போய்விடும், ஜெயில்கூட இருக்கலாம், கோவில்பட்டியில் என் மனிஆர்டரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மா. இவ்வளவும் அந்தப் பத்து வினாடியில் வந்துபோயிற்று. கன்னியப்பன் வரவில்லை. ஏழுமலையும் வரவில்லை.

"நோட்டுல என்ன எழுதியிருக்கோ, அதுதான் சார் எனக்குச் சொன்னது."

பொய் என்று யாரும் அதைப் பிடிக்க முடியாது. அதுதான் அதன் கேவலம்.

வெளியே வராந்தாவில் ஏழுமலை எனக்காகக் காத்திருந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் கோபமே இல்லை, என்னமோ ஒரு குழப்பம்தான் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். நோட்டில் எழுதியிருக்கிறது என்றால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறவர்.

"நான் சரியா சொல்லலியா சார்? வேற மாரி சொல்லிட்டனா?"

இவ்வளவு வருடம் கழித்தும் நான் திரும்பிப் போக நினைக்கும் இடம் குழி இல்லை. இந்த வராந்தாதான். குழியில் நான் முட்டாள், வராந்தாவில் எல்லாம் தெரிந்தவன். பக்கத்தில் யாரும் இல்லை, அதிகாரி இல்லை, எழுதிக்கொள்ள ஆள் இல்லை. 'நீ சரியாத்தான் சொன்ன, எனக்குத்தான் காது கேக்கல' என்று அவரிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். வெளியே தெரியவே தெரியாது.

"நோட்டுல அப்படித்தான் இருக்கு, ஏழுமலை" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த மாதமே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அடுத்த வருடம் புது சுவிட்ச் ரூம் திறந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், நான் போட்ட வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மூலையில் என் கையெழுத்து. நல்ல வரைபடம், ஒரு தப்பு கிடையாது.

உங்களிடம் இப்போது நிறுத்திய சுவிட்சில் மாட்டப் பூட்டு இருக்கிறது, அட்டை இருக்கிறது, படிவம் இருக்கிறது. எல்லாம் வேண்டியதுதான், ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு ஆள் சொன்னது புரியவில்லை என்றால் அதற்குப் படிவம் கிடையாது. இன்னொரு தடவை கேட்கவேண்டும், அவ்வளவுதான். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஏழுமலையை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஐந்தாறு வருடம் கழித்து, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் திருவிழா சமயம். சாயங்காலம் வீட்டுக்காரியோடும் பெண் குழந்தையோடும் பீச்சுக்குப் போயிருந்தேன். கோயிலுக்கு எதிரே மூங்கில் நட்டு சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கி வந்து வணக்கம் சொன்னார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, பெயர் கேட்டார். இந்த மாதிரி விழா வேலைகள்தான் கிடைக்கின்றன, கம்பெனிகளில் யாரும் சேர்ப்பதில்லை என்று அவரே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, கன்னியப்பன் வீட்டுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் வருவதாகச் சொன்னார்.

"நான் ஒயுங்கா சொல்லியிருந்தா அவன் இருந்துருப்பான் சார்."

நான் குனிந்து குழந்தையின் செருப்பு வாரைச் சரிசெய்தேன். கூட்டம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவர் மூங்கிலில் கட்டியிருந்த பலகையைக் காட்டினார். அதில் நான்கு சுவிட்ச். சுவிட்சுக்கு மேலே புள்ளி புள்ளியாகப் பெயிண்ட் வைத்திருந்தார், ஒன்றுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு. எந்த வரிசை எந்த சுவிட்ச் என்று கோயில்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டுமாம். அதற்கு முன் யாராவது படித்தவர்கள் ஒரு தடவை பார்த்தால் தேவலை என்று டெஸ்ட் லாம்பை என்னிடம் நீட்டினார்.

"நீயே பாத்துக்க சார். நான் வாயால சொன்னா தப்பாப் பூடும்."

வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு சுவிட்சாக அவர் சொல்லச் சொல்ல, நான் லாம்பை வைத்துப் பார்த்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எல்லாம் அவர் சொன்னபடியேதான் இருந்தது. லாம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, நேரமாயிற்று என்று சொல்லிக் கிளம்பினேன்.